மருந்து போட்ட விதை மிச்சமானா என்ன பண்றீங்க?

போன தை மாசம், பொங்கல் முடிஞ்சு ரெண்டாம் நாள். எனக்கு நைட் டூட்டி. அஞ்சு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு ஒரு ஆயா வந்தாங்க. சாயங்காலத்துல இருந்து நாலு தடவை வாந்தி, வயித்து வலி. பண்டிகைப் பலகாரம் ஏதோ ஒத்துக்கலைன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். வழக்கம்போல என்ன சாப்பிட்டான்னு கேட்டேன்.

"மல்லாட்டை வறுத்துக் குடுத்தேன் தம்பி."

"வீட்டு மல்லாட்டையா, கடையில வாங்கினதா?"

"வெதைக்கு வெச்சிருந்ததுல மிச்சம். மூணு கிலோ கெடந்துச்சு. மருந்து போட்டதுதான். வீணாப் போவுதேன்னு நாலு தண்ணி ஊத்தி நல்லா கழுவிட்டுத்தான் வறுத்தேன்."

மகனை பைக்கில் அனுப்பி மருந்துப் பாக்கெட்டை எடுத்துவரச் சொன்னேன். திரம். விதை நேர்த்திக்குப் போடும் பூஞ்சாணக்கொல்லிப் பவுடர். பையன் சாப்பிட்டது ரெண்டு கைப்பிடிதான். டிரிப்ஸ் போட்டு, ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்து, மறுநாள் மதியம் நல்லபடியா வீட்டுக்கு அனுப்பிட்டோம்.

இந்தப் பதிவு அந்த ஆயாவைக் குறை சொல்ல இல்லை. சோத்துப் பருக்கை கீழே சிந்தினாலே பொறுக்கி எடுக்கிற தலைமுறை அது. மூணு கிலோ மல்லாட்டையை அவங்க எப்படித் தூக்கிப் போடுவாங்க? ஆனா "நல்லா கழுவிட்டேன்"னு சொன்னாங்களே, அந்த வார்த்தைதான் எனக்குத் தூக்கம் வரவிடலை. அதே வார்த்தையை நம்பித்தான் 1971-72ல் ஈராக்கில் நூற்றுக்கணக்கான பேர் உயிரை விட்டாங்க. அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி விதை நேர்த்தின்னா என்னன்னு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து இதைப் படிக்கிற பல பேருக்குச் சொந்த ஊர் சுத்துவட்டாரக் கிராமங்கள்தான். வார லீவுக்குப் போய் விதைச்சுட்டு வர்றவங்க, ரிட்டையர் ஆகி முழுநேரமா இறங்கினவங்கன்னு எனக்கே நிறைய பேரைத் தெரியும். உங்களுக்கு நான் விவசாயம் சொல்லித்தர வரலை. மத்தவங்க தெரிஞ்சுக்கட்டும்.

விதைக்கிறதுக்கு முன்னாடியே விதைமேல பூஞ்சாணக்கொல்லியைப் பூசுறதுதான் விதை நேர்த்தி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி நெல்லுக்கு ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டசிம். அதையே ஒரு லிட்டர் தண்ணியில் கரைச்சு விதையை ஊறவெச்சா, நாத்து முளைச்சு 40 நாள் வரைக்கும் குலைநோய் மாதிரியான நோய்களிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். மருந்து விதைக்குள்ள இறங்கி, வேர் வழியா ஏறி, இளம் இலைக்கும் போகும். மல்லாட்டைக்கு ஒரு கிலோ பருப்புக்கு திரம் அல்லது மேன்கோசெப் 4 கிராம், இல்லைன்னா கார்பென்டசிம் 2 கிராம்.

இதுல எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. தெளிவாவே சொல்லிடுறேன், ஏன்னா ரசாயனம்னு ஒரு வார்த்தை எழுதினாலே "டாக்டரும் இயற்கை விவசாயம் பேச ஆரம்பிச்சுட்டாரு"ன்னு வந்துடுவீங்க. கணக்கைப் பாருங்க. ஏக்கருக்கு 50 கிலோ மல்லாட்டைப் பருப்புன்னா, கார்பென்டசிம் 100 கிராம் போதும். அதே வயலில் டிக்கா இலைப்புள்ளி வந்து மேன்கோசெப் தெளிக்கணும்னா ஒரு தடவைக்கே 400 கிராம். அதுவும் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கிட்டு, காத்துக்கு எதிர்ல நடந்து, மூஞ்சியில சாரல் அடிக்க. தெளிச்சுட்டு மயங்கி விழுந்து வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். கொஞ்ச மருந்து, மண்ணுக்குள்ள, விதையோட. ஒரு டாக்டரா எனக்கு விதை நேர்த்திதான் பிடிக்கும்.

பூஞ்சாணமும் ஒண்ணும் அப்பாவி இல்லை. மல்லாட்டையில வர்ற ஒரு பூஞ்சாணம் அஃப்லாடாக்சின்னு ஒரு நஞ்சைச் சுரக்கும். கல்லீரல் புற்றுநோய்க்கும் அதுக்கும் உள்ள தொடர்பு சந்தேகமில்லாம நிரூபிக்கப்பட்டது. கறுத்துச் சுருங்கின, பூசணம் பிடிச்ச மல்லாட்டையை எண்ணெய்க்கு அனுப்பாதீங்க, நீங்களும் வாயில போடாதீங்க. அதுக்குத் தனிப் பதிவு எழுதணும்.

விதை நேர்த்தி எல்லா இலை நோயையும் தடுத்துடும்னும் நினைக்க வேண்டாம். விதை மூலமாவும் மண் மூலமாவும் வர்ற நோயை அது நல்லா தடுக்கும். இளம்பயிரைக் காப்பாத்தும். காத்துல பறந்து வர்ற நோய்க்கு அதால ஓரளவுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது. மல்லாட்டையில பிந்தி வர்ற இலைப்புள்ளியும் துருவும் அப்படித்தான். கோதுமைத் துரு நோய் இதுக்கு நல்ல உதாரணம். கோதுமைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. வட இந்தியச் சமவெளியில கோடை வெயில்ல செத்துப்போற அந்தப் பூஞ்சாணம், நம்ம நீலகிரி, பழனி மலைக் குளிர்ல வருஷம் முழுக்க உயிரோட இருந்து, காத்துல பறந்து வடக்கே போகுது. நீலகிரியில வெலிங்டன்ல இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு மையம் வெச்சு, துருவைத் தாங்குற கோதுமை ரகங்களை உருவாக்குறது அதனாலதான். ஆயிரம் மைல் பறந்து வந்து இலையில உக்கார்ற வித்தை விதையில பூசுன மருந்து எத்தனை நாளைக்குத் தடுக்கும்? நோய் தாங்குற ரகமும் சரியான பட்டமும் சேர்ந்தாதான் முடியும். மருந்தை ரெண்டு மடங்கு பூசுறதால ஆகப்போறது எதுவும் இல்லை, மிச்ச விதையில விஷம் ரெண்டு மடங்கா இருக்கும், அவ்வளவுதான்.

இப்ப ஈராக்.

1971ல் அங்கே கடுமையான வறட்சி. விதைக்கே தானியம் இல்லை. அரசாங்கம் வெளிநாட்டுல இருந்து எழுபதாயிரம் டன்னுக்கும் மேல கோதுமை விதையும், கூடவே பார்லி விதையும் இறக்குமதி பண்ணுது. எல்லாமே மெத்தில் மெர்க்குரி, அதாவது பாதரசம் கலந்த பூஞ்சாணக்கொல்லி பூசின விதை. சாப்பிடக் கூடாதுன்னு தெரியறதுக்காகச் சிவப்புச் சாயம் ஏத்தியிருந்தாங்க. மூட்டையில எச்சரிக்கையும் அச்சடிச்சிருந்தாங்க, ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும். வாங்கினவங்க அரபியும் குர்தும் பேசுற கிராமத்து ஜனங்க. மண்டை ஓடு படத்துக்கு அங்கே யாருக்கும் அர்த்தம் தெரியாது.

விதை வந்து சேர்ந்தது லேட்டா. நிறைய பேர் கையில இருந்ததை வெச்சு விதைச்சு முடிச்சிருந்தாங்க. வீட்டுல அடுப்பு எரியலை. மூலையில மூட்டை மூட்டையா கோதுமை. என்ன பண்ணுவாங்க?

ஜனங்க முட்டாள் இல்லை. சோதிச்சுப் பார்த்தாங்க. கோழிக்குப் போட்டாங்க, ஆட்டுக்குப் போட்டாங்க. சில நாள் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகலை. கோதுமையைக் கழுவினாங்க. சிவப்பு போச்சு. சாயம் போனதால விஷமும் போச்சுன்னு நம்பினாங்க. மாவாக்கி ரொட்டி சுட்டாங்க. அவங்களுக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஒண்ணும் ஆகலை. மெத்தில் மெர்க்குரியோட குரூரமே அதுதான். உடம்புல சேர்ந்துக்கிட்டே இருக்கும், வாரக்கணக்குல எந்த அறிகுறியும் காட்டாது.

அப்புறம் விரல் நுனியும் உதடும் மரத்துப்போக ஆரம்பிச்சது. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. பார்வை ஓரத்துல இருந்து சுருங்கிக்கிட்டே வந்து, குழாய் வழியா பார்க்கிற மாதிரி ஆச்சு. டிசம்பர் கடைசியில முதல் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. சில மாசத்துல ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனவங்க மட்டும் 6,530 பேர். ஆஸ்பத்திரியிலேயே இறந்தவங்க 459 பேர். கிராமத்துலயே இறந்தவங்க இந்தக் கணக்குல வரலை. லேசான அறிகுறி மட்டுமே இருந்த கர்ப்பிணிகளுக்கு மூளை பாதிச்ச குழந்தைங்க பிறந்தாங்க.

இது முதல் தடவையும் இல்லை. அதே ஈராக்கில் 1956லயும் 1960லயும் இதே மாதிரி நடந்திருக்கு. துருக்கியில 1950கள் பாதியில ஹெக்ஸாகுளோரோபென்சீன்னு ஒரு பூஞ்சாணக்கொல்லி பூசின கோதுமை விதையைச் சாப்பிட்டு மூவாயிரத்துக்கும் அதிகமானவங்க போர்ஃபைரியாங்கிற நோய்ல விழுந்தாங்க. வெயில் பட்ட தோல் எல்லாம் கொப்புளம். மருந்து தாய்ப்பாலில் இறங்கினதால, சில கிராமங்கள்ல சின்னக் குழந்தைங்களே மிஞ்சலை. சுவீடன்ல விதை தின்ன பறவைகள் கொத்துக் கொத்தா செத்ததைப் பார்த்துட்டு 1966லயே ஆல்கைல் மெர்க்குரி விதை மருந்தைத் தடை பண்ணினாங்க. நம்ம வயல்ல மயில் செத்துக் கிடந்தா உடனே யாரோ விஷம் வெச்சுட்டாங்கன்னு பேசுறோம். பல நேரம் விதைச்ச விதையே போதும்.

நம்ம ஊருக்கும் பாதரசத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. கரும்புக் கரணையை நடுறதுக்கு முன்னாடி பாதரச மருந்துக் கரைசல்ல முக்கி எடுக்கிற வழக்கம் இங்கே இருந்துச்சு. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெரியவங்களைக் கேளுங்க, நினைவு இருக்கும். ஈராக்கில் இருந்த மெத்தில் மெர்க்குரி அளவுக்கு நரம்பைத் தாக்குறது இல்லைன்னாலும், அதுவும் பாதரசம்தான். மெத்தாக்ஸி எத்தில் மெர்க்குரி குளோரைடுங்கிற அந்த மருந்துக்கு இந்தியாவுல முழுத் தடை வந்தது 2018ல்தான். ஈராக் நடந்து 46 வருஷம் கழிச்சு.

இப்ப நம்ம கடையில கிடைக்கிற கார்பென்டசிம், மேன்கோசெப், திரம் எதுவும் பாதரசம் இல்லை. அந்தப் பையனை நான் மறுநாளே வீட்டுக்கு அனுப்ப முடிஞ்சது அதனாலதான். இதைப் படிச்சுட்டு பீதி அடைய வேண்டாம். ஆனா பாதரசம் இல்லைங்கிறதும் பாதுகாப்புங்கிறதும் ஒண்ணு இல்லை.

கார்பென்டசிம்மை எடுத்துக்குங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் குடுக்குற பூச்சி மாத்திரை அல்பெண்டசோலுக்கு அது ஒண்ணுவிட்ட சகோதரன். ரெண்டும் ஒரே வேதிக் குடும்பம். செல் ரெண்டா பிரியுறதுக்குத் தேவையான நூலைக் கட்டிப்போடுறதுதான் வேலை. ஒரு தடவை கொஞ்சமா வாயில போனா பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனா விலங்குகள்ல அதிக அளவு குடுத்தப்ப விந்தணு உற்பத்தி பாதிச்சது, குட்டிகளுக்குப் பிறவிக் குறை வந்தது. ஐரோப்பிய யூனியன்ல 2014க்கு அப்புறம் அதுக்கு அனுமதியைப் புதுப்பிக்கலை. நம்ம மத்திய அரசும் 2020 மே மாசம் 27 மருந்துகளைத் தடை பண்ணலாம்னு ஒரு வரைவு வெளியிட்டது. அந்தப் பட்டியல்ல கார்பென்டசிம், மேன்கோசெப், திரம் மூணுமே இருந்துச்சு. மூணும் இன்னும் கடையில கிடைக்குது. கர்ப்பிணிப் பெண்கள் விதைக்கு மருந்து கலக்கிற வேலைக்குப் போகவே கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

திரம் பத்தி இன்னொண்ணு. இதை வீட்டு ஆம்பளைங்க கவனமா படிங்க. குடியை நிறுத்துறதுக்கு டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை குடுப்போம். அதைச் சாப்பிட்டவர் ஒரு குவார்ட்டர் போட்டா மூஞ்சி சிவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கிடும். திரமும் டைசல்ஃபிராமும் வேதியியல்ல கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைங்க. ரப்பர் தொழிலுக்கான இதே வகைப் பொருளைக் கையாண்ட தொழிலாளிகளால மது குடிக்கவே முடியலைன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1937லயே எழுதியிருக்கார். குடிநோய்க்கு மருந்தா இதைப் பயன்படுத்தலாம்ங்கிற யோசனையும் அவருக்கு அப்பவே வந்துச்சு. பகல் முழுக்க வெறுங்கையால திரம் கலந்து, தூசியை மூக்குல ஏத்திக்கிட்டு, சாயங்காலம் அலுப்பு தீர டாஸ்மாக் போனா என்ன ஆகும்னு இப்பப் புரிஞ்சிருக்கும். ஒருத்தர் ஹார்ட் அட்டாக்னு பயந்து என்கிட்ட வந்தார். இசிஜி நார்மல். காலையில என்ன வேலைன்னு கேட்டப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. எல்லா மூஞ்சி சிவப்பும் திரம் இல்லை, நிஜ ஹார்ட் அட்டாக்காவும் இருக்கலாம். நீங்களா முடிவு பண்ணாம வந்துடுங்க. வரும்போது விதைக்கு மருந்து கலந்தேன்னு மட்டும் மறக்காம சொல்லுங்க.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

1958ல் கேரளாவுல பாரத்தியான்ங்கிற பூச்சிக்கொல்லி, சரக்கோட சரக்கா வந்த கோதுமை மாவுலயும் சர்க்கரையிலயும் கசிஞ்சு நூறு பேருக்கும் மேல இறந்துபோனாங்க. விசாரணைக் கமிஷன் போட்டாங்க. அது நகர்ந்து நகர்ந்து 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஆச்சு. பூஞ்சாணக்கொல்லியும் அதுக்குள்ளதான் வரும். பாக்கெட்டுல கலர் முக்கோணம் இருக்குல்ல, அது அந்தச் சட்டத்தோட விதிகள்ல இருந்து வந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு விஷத்தன்மை குறைஞ்சுக்கிட்டே வரும். கார்பென்டசிம் பாக்கெட்டுல பச்சை இருக்கும். பச்சைன்னா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லைங்க. ஒரே வேளையில சாகடிக்கத் தேவையான அளவு அதிகம்னு மட்டும்தான் அர்த்தம். வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா உள்ள போறதைப் பத்தி அந்த முக்கோணம் எதுவும் சொல்லாது.

அதே 1968ல் வந்த விதை விதிகள்ல, மருந்து பூசின விதையை விக்கிறவர் மூட்டையில மருந்துப் பேரைப் போடணும், உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாதுன்னு எழுதணும்னு இருக்கு. நல்ல விதி. கம்பெனி விதைப் பையைப் பாருங்க, ரோஸ் கலர்ல சாயம் ஏத்தி, எச்சரிக்கையும் போட்டிருப்பாங்க.

ஆனா நம்ம பக்கம் மல்லாட்டை விதை பாதிக்கு மேல வீட்டுல எடுத்து வெச்சதுதானே? வெயில்ல காயவெச்சு, உக்காந்து கையால உடைச்சு, வீட்டுத் திண்ணையில மருந்து கலக்குறோம். கார்பென்டசிம் பவுடர் வெளுப்பா இருக்கும். ரோஸ் நிறப் பருப்புத் தோல்மேல மெலிசாப் படிஞ்சு, ரெண்டு நாள்ல புழுதி மாதிரி ஆயிடும். சாயம் கிடையாது, மூட்டையில எழுத்தும் கிடையாது. மஞ்சப்பையில போட்டு உறியிலயோ பரண்லயோ தூக்கி வெச்சா, அது மருந்து போட்ட விதைங்கிற தகவல் ஒரே ஒரு ஆள் மண்டையில மட்டும்தான் இருக்கு. அவர் வேலைக்குப் போயிட்டா, அந்தத் தகவலும் வீட்டுல இல்லை.

ஈராக்கில் சாயமாவது இருந்துச்சு. நம்ம வீட்டுல அதுவும் இல்லை. நெல்லையாவது குத்தி, வேகவெச்சுத்தான் தின்ன முடியும். மல்லாட்டையை அஞ்சு வயசுப் பிள்ளை அப்படியே வாயில போட்டுக்கும். எனக்குத் தெரிஞ்சு நம்ம பக்கத்துல விதைக்கிறதுலயே பச்சையா எடுத்துத் தின்னக்கூடிய பெரிய பயிர் இதுதான். அதனால இங்கே ஆபத்து ஒரு படி அதிகம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. வேளாண்மை விரிவாக்க மையத்துல விதை நேர்த்தி மருந்து குடுக்கும்போது, ஒரு ஏக்கர் அளவுக்குச் சின்னப் பாக்கெட்டாவும், கூடவே அழியாத சிவப்புச் சாயம் ஒரு பொட்டலமும் குடுங்க. நீங்க வீட்டுல கலந்தாலும் விதை சிவக்கணும். ஈராக்ல சாயமே கைகொடுக்கலையேன்னு கேட்கலாம். அங்கே சாயம் எதுக்குன்னு யாரும் அவங்க மொழியில சொல்லலை, பசியும் கூட இருந்துச்சு. நம்மகிட்ட விரிவாக்க அலுவலர் இருக்கார், ரேஷன் அரிசி இருக்கு. சிவந்த விதையைத் தின்னக் கூடாது, கழுவினாலும் கூடாதுன்னு ஊருக்கு ஊர் சொல்லிட முடியும். பாக்கெட்டுக்குள்ள வர்ற தமிழ்த் துண்டுச் சீட்டை எறும்பு சைஸ் எழுத்துல அடிக்காம, ஒரே ஒரு படம் போடுங்க: மல்லாட்டை, பிள்ளை, மேல ஒரு பெருக்கல் குறி.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறதைப் பார்ப்போம்.

சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடா? முதல்ல டிரைக்கோடெர்மாவையோ சூடோமோனாஸையோ யோசிங்க. மல்லாட்டைக்கு டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம், நெல்லுக்கு சூடோமோனாஸ் 10 கிராம்னு பல்கலைக்கழகமே பரிந்துரைக்குது. இவை உயிருள்ள நுண்ணுயிரிகள், விவசாயத்துறையில கேட்டா கிடைக்கும், நோய் அதிகமா வர்ற வயலா இருந்தா போதுமான்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோட சேர்த்துக் கலக்காதீங்க, நுண்ணுயிரி செத்துடும். விருத்தாசலத்துல மல்லாட்டையிலயும் ஆராய்ச்சி பண்ற பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எந்த வயலுக்கு எதுன்னு என்னைவிட அவங்க நல்லா சொல்வாங்க.

மருந்துதான் போடணும்னா, அன்னிக்கு விதைக்கப்போற விதைக்கு மட்டும் போடுங்க. இந்தப் பதிவுல ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும். 50 கிலோ தேவைன்னா முதல்ல 45 கிலோவுக்குக் கலங்க. பத்தலைன்னா மறுபடி கலக்க அஞ்சு நிமிஷம். மருந்து போடாத அஞ்சு கிலோ மிஞ்சினா அது உணவு, தாராளமா வறுத்துச் சாப்பிடலாம். அந்த ஆயாவோட மூணு கிலோவும் வீணாகியிருக்காது, பையனும் ராத்திரி என்கிட்ட வந்திருக்க மாட்டான்.

முறத்துல வெச்சுக் கலக்காதீங்க. அதே முறம் மறுநாள் அரிசி புடைக்கும். பாலித்தீன் சாக்குல விதையையும் மருந்தையும் போட்டு, வாயைக் கட்டிக் குலுக்கினா தூசியும் பறக்காது, கையிலயும் படாது. கையில உறை, மூக்குல துணி. கொரோனா மாஸ்க் வீட்டுல மிச்சம் கிடக்குமே, அதைப் போட்டுக்குங்க. சால் பின்னாடி விதை போட்டுக்கிட்டே போற பெண்களுக்கும் உறை குடுங்க, கலக்குற ஆளுக்கு மட்டும் இல்லை. அவங்கதான் நாள் முழுக்க அந்த விதையைத் தொடுறாங்க, அதே கையோடதான் வரப்புல உக்காந்து மதியச் சோறு. சோப்பும் ஒரு குடம் தண்ணியும் வயலுக்குக் கொண்டுபோறது சம்பளத்தோட சேர்ந்த விஷயம்னு நினைச்சுக்குங்க.

அப்பவும் மிஞ்சிட்டா? கோழிக்குப் போடாதீங்க. மாட்டுத் தொட்டியில கொட்டாதீங்க. செக்குக்கு அனுப்பாதீங்க. ஏரியிலயோ வாய்க்கால்லயோ வீசாதீங்க. வயல் ஓரத்துல நெருக்கமா விதைச்சு மண்ணை மூடிடுங்க, முளைக்காத இடத்துக்குப் பிடுங்கி நட உதவும். இல்லைன்னா கிணத்துக்கும் போருக்கும் தள்ளி ஆழமா குழி வெட்டிப் புதைங்க. பையையும் சேர்த்துத்தான். 2013ல் பீகார்ல ஒரு பள்ளிக்கூடத்துல மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைங்க இறந்தாங்களே, பூச்சிமருந்து இருந்த டப்பாவுல சமையல் எண்ணெய் வெச்சிருந்ததா விசாரணையில சொன்னாங்க. டப்பாவும் பையும் மருந்துதான்.

யாராவது சாப்பிட்டுட்டா: வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, புளித்தண்ணி, சாணித்தண்ணி எதுவும் வேண்டாம். நுரையீரலுக்குள்ள போயிட்டா அதுதான் ஆபத்து. வாயைக் கொப்பளிக்க வெச்சு, உடம்புல பட்டிருந்தா துணியைக் கழட்டிட்டு சோப்பு போட்டுக் கழுவிட்டு, 108ஐக் கூப்பிடுங்க. பாக்கெட்டைக் கையோட எடுத்துட்டு வாங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. வேர்ப்புழுவுக்காகப் பூஞ்சாணக்கொல்லியோட குளோர்பைரிபாஸ் மாதிரி பூச்சிக்கொல்லியும் சேர்த்துப் பூசியிருக்கலாம். அதுக்கு அட்ரோபின் ஊசி போட்டாகணும், நிமிஷம் முக்கியம். வெறும் பூஞ்சாணக்கொல்லிக்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறதுதான் வைத்தியம். எதுன்னு தெரியாம நாங்க இருட்டுல தேடணும். அதிகமா வேர்க்குது, எச்சில் ஒழுகுது, கண் பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்குன்னா வழியில எங்கேயும் நிக்காதீங்க. டெல்லி எய்ம்ஸ்ல தேசிய விஷத் தகவல் மையம் இருக்கு, கட்டணமில்லா எண் 1800 116 117. டாக்டர்களும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

கடைசியா அந்த ஆயா. மறுநாள் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது கேட்டாங்க, "மிச்சம் ரெண்டரை கிலோ இருக்கே தம்பி, மாட்டுக்காவது வெக்கலாமா?" வேண்டாம் ஆயா, புதைச்சுடுங்கன்னேன். மூஞ்சி வாடிப்போச்சு. மகன்கிட்ட தனியாவும் சொல்லி அனுப்பினேன். புதைச்சாங்களான்னு எனக்குத் தெரியாது.

மார்கழிப் பட்டத்துக்கு விதை எடுத்து வெச்சிருக்கிறவங்க, உங்க வீட்டுல எங்கே வெச்சிருக்கீங்க, யார் யாருக்கு அது தெரியும்னு கமெண்ட்ல சொல்லுங்க. இன்னிக்கும் நைட் டூட்டிதான், காலையில வந்து பதில் போடுறேன்.